கடைசி வண்டி

யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்றுதான்
அந்தக் குழுவின் பனியனில் அச்சிட்டிருந்தார்கள்.
முதல் ஞாயிறு, ஹெப்பாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில்
அந்த வாசகம் பதினான்கு முதுகுகளில்
சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தேன்.
பிறகு சிவப்பு விளக்குகள்.
பிறகு ஒரு பால் வண்டி.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிக் கேட்டதை
இங்கே எழுதப்போவதில்லை.

எலஹங்காவில் காபி குடித்து முடித்திருந்தார்கள்.
"மேடம் வந்தாச்சு, கிளம்பலாம்" என்றார் பிரமோத்.
நல்ல மனிதர். என் டயருக்குக் காற்றுகூட அடித்துத் தந்தார்,
நான் கேட்காமலே.
சிறுநீர் கழிக்க எங்கே போவது என்று
அவரிடம் கேட்க முடியவில்லை.
அவர்களுக்கு வழியெல்லாம் மரங்கள்.

ஆகவே நாங்கள் ஆறு பேர்
அல்சூர் ஏரிக்கரையில் வேறொரு ஞாயிறு தொடங்கினோம்.
எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை திறந்திருக்கும்,
எதில் சாவி கேட்க வேண்டும், எதில் தாழ்ப்பாள் இல்லை:
இதுதான் எங்கள் முதல் வரைபடம்.
தபஸ்ஸும் புர்காவின் விளிம்பை
தலைமுடி ரப்பர் பேண்டால் கணுக்காலில் கட்டிக்கொள்வாள்.
விதிகளை நான் எழுதினேன்.
ஹெல்மெட். பின்விளக்கு. கியர் வண்டி கட்டாயம்.
மூன்றாவதை எழுதும்போதும் கை நிற்கவில்லை.

மர்ஃபி டவுனிலிருந்து ஜெபமணி வந்தாள்,
மகனின் ஊதா சைக்கிளில்.
மட்கார்டில் அவன் பெயர், வகுப்பு, பிரிவு.
ஆறு வீட்டுச் சமையல்;
ஞாயிறு மட்டும் ஏழரைக்குத் தொடங்கினால் போதும்.
"கியர் இல்லைனா சேர்க்க மாட்டீங்களாமே,
சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றாள்.
நாங்கள் மாதம் முழுக்கப் பதிவேற்றும் தூரம்
அவளுக்கு ஒரு வாரம்.
அவள் சொல்லவில்லை. பிறகு நான் கணக்குப் போட்டேன்.

யாரும் பேசவில்லை. ஏரியில் ஒரு நீர்க்காகம்
முங்கி, எங்கேயோ எழுந்தது.
போனை எடுத்து அந்த வரியை அழித்தேன்.
'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று
அது அங்கேயே நிற்கிறது, இன்றும்.

இப்போது நான்தான் கடைசி வண்டி.
காக்ஸ் டவுன் பாலத்தில் அவள் செயின் கழன்றது.
இரண்டு விரலால் ஏற்றினாள். கறுப்பை
சீட்டின் அடியில் துடைத்தாள்,
பலமுறை துடைத்த இடம்.
நீட்டிய கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.
முன்னால் திருப்பத்தில்
தபஸ்ஸுமின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது.
"நீங்க போங்கக்கா."
போக மாட்டேன், என்றேன்.
"அப்ப ரெண்டு பேருக்கும் லேட்டு."
மணி ஏழு பத்து. ஏழரைக்கு
ஃப்ரேசர் டவுனில் இட்லி கேட்பார்கள்.
எழுந்து நின்று மிதிக்கிறாள்.
கடைசி வண்டி
கொஞ்சம் பின்தங்குகிறது.