மூன்று மீட்டர்

முதுநகர், ரயில்வே கேட்டுக்கு இப்பால்
நாலாவது வீடு.
படிவத்தில் ஒரே பெயர்:
தெய்வசிகாமணி, எழுபத்து நாலு, மின்வாரியம், ஓய்வு.
கைவைத்த நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிப் போட்டு
டேப்பை விரித்து மூன்று மீட்டர் அளந்து
சாக்பீஸில் கோடு கிழித்தேன்.
எழுந்து, நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்காரணும்.

"அவ்வளவுதானா" என்றார்.
தானே புயலுக்கு மறுநாளிலிருந்து
பொங்கல் தாண்டியும் கம்பத்திலேயே இருந்த ஆள்.
சாய்ந்த கம்பத்தில் ஏறக்கூடாது என்பது விதி;
சாயாத கம்பம் அன்றைக்கு
ஜில்லாவில் எது இருந்தது என்று சிரித்தார்.
பதினோரு வினாடி.
திரும்பும்போது கொஞ்சம் பந்தா வேறு.

கடந்த ஒரு வருடத்தில் விழுந்ததுண்டா? இல்லை.
ராத்திரி எத்தனை முறை எழுவீர்கள்? ரெண்டு.
எழுந்ததும் கண் இருட்டுமா? இல்லை.
படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை
பிரஷர் பார்த்தேன்.
எண்கள் அசையவில்லை. பேனாவை மூடினேன்.

அப்போதுதான் தண்ணீர் வந்தது.
அஞ்சலாட்சி. என் பட்டியலில் இல்லாதவர்.
வலது கையில் சொம்பு.
இடது கை முதலில் கிரைண்டர் மூடியில்,
அப்புறம் ஃபிரிட்ஜில், அப்புறம் நிலைக்காலில்.
நிலைக்காலுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே
பிடிக்க ஒன்றுமில்லாத இரண்டு எட்டு.
அங்கே மூச்சை நிறுத்திக்கொண்டார்,
கெடிலத்தில் ஆழம் தெரியாத இடத்தில்
கால் வைப்பவர்போல.

சுவரைப் பார்த்தேன்.
போன தீபாவளிக்கு அடித்த வெளிர்பச்சையில்
இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பழுப்புத் தடம்,
அடுப்படியிலிருந்து குளியலறை வரை,
மஞ்சளும் எண்ணெயும் மீன்செதிலும் தொட்ட
ஒரே கையின் தடம்.

"நீங்க விழுந்திருக்கீங்களாம்மா?"
"விழலியே. உக்காந்துட்டேன்."
"எங்க?"
"பாத்ரூம்ல."
"எத்தனை தடவை உக்காந்தீங்க?"
கணவரைப் பார்த்தார். முந்தானையைப் பார்த்தார்.
"மூணு. நாலாவது தடவ
கதவு என்னப் புடிச்சிக்கிச்சு."

தெய்வசிகாமணி எழுந்துவிட்டார்.
நேரம் எடுத்திருந்தால் ஒரு வினாடி ஆகியிருக்காது.
"கூப்புட வேண்டியதுதான?"
"தூங்கிட்டு இருந்தீங்க."
"அன்னிக்கு முழங்கையில கட்டு?"
"அருவாமனைன்னு சொன்னேன்ல.
அது அருவாமனை இல்ல."

மயிலாடுதுறை பாசஞ்சர் கடந்தது.
அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்து
ஓய்ந்தன.

பிறகு அவர் சொன்னார், என்னிடம்தான்,
என்னைப் பார்க்காமல்:
"கம்பத்துல ஒருத்தன் ஏறுனா
கீழ ஒருத்தன் நிக்கணும் மேடம்.
அவனுக்கு வேற வேலையே கெடையாது.
பீடி பத்த வெக்கக்கூடாது.
அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."
அதற்கு மேல் சொல்லவில்லை.

புதுப் படிவம் எடுத்தேன்.
வயது: எழுபதோ எழுபத்தொன்றோ.
மாத்திரை: தூக்கத்துக்கு ஒன்று, மருந்துக்கடைக்காரர் தந்தது.
இடது கண்ணில் புரை.
குளியலறை: ஒரு படி இறக்கம், பாசி,
விளக்கு சுவிட்ச் வெளியே, தலைக்கு மேல்.
"அது நான் வெச்ச சுவிட்சு" என்றது மின்வாரியம்.

இருபத்திரண்டு வினாடி.
பதின்மூன்றைத் தாண்டினாலே சிவப்பு மை.

"அவருக்கு எவ்ளோ?"
"பதினொண்ணு."
"அடுப்புல கொழம்பு கொதிக்குது.
ஒரு கண்ண அங்க வெச்சிக்கிட்டுல்ல நடந்தேன்?
நிறுத்திட்டு வரேன், மறுபடி எடுங்க."

ஃபிரிட்ஜ், கிரைண்டர். அடுப்பு அணைந்தது.
கிரைண்டர், ஃபிரிட்ஜ், நிலைக்கால்,
அந்த இரண்டு எட்டு.
வந்து உட்கார்ந்து சேலையை இழுத்துச் செருகினார்.

சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்தில்
தொடாமல், ஒரு கை தூரம் விட்டு
அவர் வந்து நின்றுகொண்டார்.
அவள் இன்னும் எழவே இல்லை;
முகம் அதற்குள் நிமிர்ந்திருந்தது.

பொத்தானில் கட்டைவிரலை வைத்தேன்.
"எழுந்திரிங்கம்மா."