பரிவு நரம்பு

காலை ஆறேகால், திருநெல்வேலி.
என்னிடம் இரண்டு இதயங்கள் மல்லாந்து கிடக்கின்றன.

மயூரேசனுக்கு நாற்பத்திரண்டு. கோண்டாவில் பெடியன்.
ஆழக் கிணற்று வாளிபோல
இறங்கி, நிறைந்து, ஆறுதலாக மேலே வரும் துடிப்பு.
இடைவெளிகள் அடிமட்டம் வைத்துக் கீறினமாதிரி.

சுலக்சிகாவுக்கு ஐம்பத்தொன்று. மாதகல்.
"அக்கா, முதல்ல கதவைப் பூட்டுங்கோ."
நாலாவது மின்வாயை எங்கே ஒட்டுவதென்று
சுவரில் ஒரு படம் இருக்கிறது.
வரைந்தவர் ஓர் ஆணின் நெஞ்சை வரைந்திருக்கிறார்.
நான் கொஞ்சம் யோசித்து, கொஞ்சம் கீழே ஒட்டினேன்.

சின்ன இதயம். அடிக்கடி அடிக்கிறது.
ஆனால் ஒரு இடைவெளிபோல இன்னொன்றில்லை.
மூச்சை இழுத்தால் நெருங்கி வருகிறது.
விட்டால் நீள்கிறது,
படலையடியில் கதைத்து முடித்தும்
போக மனமில்லாமல் நிற்கிற ஆளைப்போல.
இயந்திரம் 'ஒழுங்கற்றது' என்று அச்சடித்தது.
பேனாவால் வெட்டினேன்.
ஒழுங்கென்றால் என்னவென்று அதற்கு
எந்த ஊர் ஆம்பிளையள் சொல்லிக்கொடுத்தார்களோ.

உயர்தரத்தில் பாடமாக்கியது:
இதயத்துக்கு இரண்டு கடிவாளம்.
விரட்டுவது பரிவு நரம்பு,
அடக்கி ஆறவைப்பது பரபரிவு.
விரட்டுகிறதுக்குப் போய்ப் பரிவு என்று பெயர் வைத்தவரை
ஒருநாள் சந்தித்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

மாதத்தின் பின்பாதியில் அவளின் நீண்ட இடைவெளிகள் சுருங்கும்.
கொப்பியின் ஓரத்தில் நீலப் புள்ளிகள் வைப்பாள்.
"உதென்ன புள்ளியள்?" என்றான் மயூரேசன்.
"உனக்கில்லாத கணக்கு."
இந்தப் புள்ளிகளால்தான் தரவு குழம்புகிறது என்பார் சேர்.
போன வருடம்வரை பெடியளை மட்டும் அளந்தார்.
குழப்பமே இருக்கவில்லை.

செவ்வாய், விடிய ஐந்து மணி, பண்ணை வீதி.
இரண்டு பக்கமும் கடல், நெஞ்சில் பட்டி.
ஏழாவது கிலோமீற்றரில்
அவனுக்கு நூற்று நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.
அவளுக்கு நூற்று ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு,
நூற்று எண்பத்து மூன்று.
வேகம் மாறவில்லை. காற்றும் மாறவில்லை.
ஏற்றமென்று சொல்ல பண்ணையில் ஏது ஏற்றம்.

"பட்டி கழண்டிருக்கும்," என்றார் சேர்,
"அந்த ரெண்டு நிமிசத்தை எடுத்துவிடும்."

"கழரேல்லை," என்றாள்.
"பின்னால ஒரு மோட்டச்சைக்கிள். லைற் இல்லை.
முந்தவுமில்லை."

மயூரேசன் முந்நூறு மீற்றர் முன்னால் ஓடியிருக்கிறான்.
தன் தாளைக் குனிந்து பார்த்தான்.
அந்த இடத்தில் கோடு
அலையில்லாத பரவைக்கடலாய்க் கிடந்தது.
"எனக்கொண்டும் கேக்கேல்லை," என்றான்,
யாரும் கேட்காமலே.

நான் அந்த இரண்டு நிமிடத்தை எடுக்கவில்லை.
வயது, எடை, பால், வெப்பநிலை, ஈரப்பதன்
எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது.
இதற்கு இல்லை.
'குறிப்பு' என்ற ஓர் அங்குல இடத்தில்
சைக்கிள் என்று எழுதி, மோட்டச் என்று முன்னால் செருகினேன்.
அதன் கீழே இன்னொன்றும்:
வண்டி திரும்பிப் போனபின்
நாற்பது செக்கனில் நூற்று ஐம்பத்தெட்டு.
எங்கே கற்றாள் இவ்வளவு கெதியாக ஆற?

அடுத்த செவ்வாய்.
அவள் ஐம்பது செக்கன் முந்தி முடித்திருந்தாள்.
அவன் கோட்டில், ஏழாவது கிலோமீற்றரில்,
நூற்று நாற்பத்தொன்பது ஒரேயடியாய் நூற்று அறுபத்தைந்து.

"ஏன் பிந்தினனீ?" என்றாள், பட்டியைக் கழற்றிக்கொண்டே.
"திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு ஓடினனான்."
"நான் கேட்டனானே?"
அவன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
திறந்து, மூடி, திறந்தான்.

பெயர் வைத்தவரைச் சந்திக்கும் யோசனையைக்
கொஞ்சம் தள்ளிவைத்திருக்கிறேன்.

சேர் இன்னும் வரவில்லை.
வந்தால் இந்தத் தாளுக்கும்
பட்டியைத்தான் குற்றம் சொல்லுவார்.