தெற்கு வாசல்

"மாடியில நின்னா மலை தெரியும்ங்க" என்று
அடிக்கு எண்பது ரூபாய் ஏற்றினார் தரகர் குப்புராஜ்.
"தெற்கு வாசல்தானே" என்று
ஐம்பதைக் குறைத்தோம்.
கன்னங்குறிச்சி தாண்டி மூன்றாவது குறுக்குத் தெரு.
முப்பது வருடத்துக்கு வில்லங்கம் இல்லை.

ஐந்தரைக்கு டவுன் பஸ். ஜங்ஷனில் ஈரோடு வண்டி.
திரும்பும்போது எட்டே முக்கால்.
காசு கொடுத்து வாங்கிய மலை
எங்களுக்கு
கொண்டை ஊசி வளைவில் திரும்பும் கார் விளக்குதான்.
ஏறுகிற ஒன்றைப் பார்த்தபடி
மாடியில் நின்று சப்பாத்தி தின்போம்.
ஏழாவதோ எட்டாவதோ வளைவில்
அது தொலைந்துபோகும்.

புதன்கிழமை காய்ச்சல். லீவு.
பதினொரு மணிக்குக் கதவைத் திறந்தால்
படி முழுக்கப் புளி.
பழைய சேலைமேல் கொட்டை நீக்கிப் பரப்பி,
காக்காய்க்கு ஒரு கறுப்புக் குடை.

எதிர் மனையில் கட்டடம் காக்கும் செவந்தி
ஓடி வந்தாள்.
"அய்யோ, ஆளிருக்கீங்களா?
இந்தப் படியிலதானுங்க
நாலு மணி மட்டும் வெயில் நிக்கும்."

இருபத்துமூன்றடி ரோட்டுக்கு வடக்கு,
பழனிவேல் மனைக்குக் கிழக்கு
என்றெல்லாம் எழுதிய பத்திரத்தில்
இது இல்லை.
இருபது வருடத் தவணையில் மூன்று கட்டியாகிவிட்டது,
எனக்கும் தெரியாது.

சேலையின் முனைகளைக் கூட்டப் போனவளிடம்
"காயட்டும்" என்றேன்.
குடையைக் கொஞ்சம் நகர்த்தி
நான் உட்கார இடம் விட்டாள்.

புளி இன்னும் ரெண்டு நாள் வெயில் கேட்குமாம்.
காய்ச்சல்
நாளைக்கே விட்டுவிடும்போல.