மூடாத கோடு

வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்.
பெரும்பாறையில் ஒரு டீ, அதற்குள் காதடைப்பு.
தாண்டிக்குடியில் இறங்கும்போது
கையில் போன், பையில் இரண்டு பவர் பேங்க்,
கழுத்தில் கம்பெனி அட்டை.

தோட்டத்துக்கு நூற்றிருபது ரூபாய் என் கூலி.
வேலியோரமாய் நடந்து
மூலைக்கு மூலை நின்று பொத்தானை அழுத்த வேண்டும்.
புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து
கோடு மூடினால்தான்
அது தோட்டம்.
மூடாத தோட்டத்தின் கொட்டை கப்பலேறாது.

கடலுக்கு அப்பால் சட்டம் போட்டிருக்கிறார்கள்:
காட்டை அழித்து விளைந்த காப்பி
எங்கள் கோப்பைக்கு வேண்டாம்.
நல்ல சட்டம்தான்.
என்னைக் கேட்டிருந்தாலும்
நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

தங்கமாயன் தோட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது.
நிழல் மரங்களை மொத்தமாய் மர வியாபாரிக்குக் கொடுத்தது
மகள் கல்யாணத்துக்கு;
சட்டம் குறித்த தேதிக்கு எட்டு மாதம் முந்தி.
வானத்திலிருந்து எடுத்த படத்தில்
மொட்டைத் தலை போல் தெளிவாய் இருந்தது நிலம்.
பச்சை டிக்.
மோர் கொடுத்தார். நல்ல மனிதர்.

நாகரத்தினம் கூடவே நடந்தாள்,
பேசிக்கொண்டே, அட்டை பிடுங்கிக்கொண்டே.
பங்குனியில் வர வேண்டிய பூ மழை
இந்த வருஷம் வரவேயில்லை.
பழம் பறிக்கிற மார்கழியில் வந்து
நாலு நாள் கொட்டித் தீர்த்தது.
ஒரு கிளையை வளைத்துக் காட்டினாள்:
நுனியில் வெள்ளைப் பூ,
அடியில் வெடித்த சிவப்புப் பழம்.
"இதை எங்கயாச்சும் எழுதுவீங்களா?"

படிவத்தில் பரப்பு உண்டு, பட்டா எண் உண்டு.
மழைக்குக் கட்டம் இல்லை.
கடைசியில் 'குறிப்பு' என்று ஒன்று, நாற்பது எழுத்து வரை.
"மழை தப்பியது" என்று போட்டேன்.
மீதி எழுத்துகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்தக் கொட்டை தூத்துக்குடி போய், கப்பலேறி,
கரும்புகையால் கடல் நெடுக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும்.
அதை மூடச் சொல்லி
யாரும் ஆள் வைத்ததாய்த் தெரியவில்லை.

சடையாண்டி தோட்டம் கடைசி.
இரண்டு ஏக்கர் பதினாறு செண்ட்.
காப்பிக்கு மேலே ஆரஞ்சு, ஆரஞ்சுக்கு மேலே பலா,
பலாவுக்கும் மேலே அவருக்கே பெயர் தெரியாத ஒரு மரம்,
அதைச் சுற்றி மிளகுக்கொடி.
வெயில் தரைக்கு வர
மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

படத்தில் அவர் தோட்டமும் பச்சை,
வேலிக்கு அந்தப்பக்கம் வனத்துறைக் காடும் அதே பச்சை.
திரையில் சிவப்பாய் எழுந்தது கேள்வி:
"இது காடு. எந்த ஆண்டு திருத்தப்பட்டது?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.
"நட்டவனப் பாத்து
எப்ப வெட்டுனேன்னு கேக்குதா?"

எனக்குப் பதில் தெரியாது. நடந்தேன்.
காட்டுமாடு சாய்த்த வேலி, வழுக்குப் பாறை, ஓடை.
ஓடைக்குள் போன் என்னை மறந்து
நான் நடக்காத இடத்திலெல்லாம் நடந்ததாய் வரைந்தது.
புறப்பட்ட பலாவடிக்கே வந்து நின்றேன்.
கோடு மூடவில்லை.
நான்கு மீட்டர் குறைகிறது.

மறுபடி சுற்றினேன். மறுபடி நான்கு.
மேலே பார்த்தேன்:
இலைகளுக்கு நடுவே
ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு வானம்.

சடையாண்டியும் மேலே பார்த்தார்.
உள்ளே போனார். அரிவாளோடு வந்தார்.
"அந்தக் கிளையை எறக்கிட்டா
சிக்னல் வந்துருமா தாயி?"

கிளையில் பிஞ்சு பிடித்திருந்தது.
நாலரைக்குக் கடைசி பஸ்.
அவர் வேட்டியை மடித்துக் கட்டி
அடிமரத்தில் கால் வைத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்,
எதற்கென்று தெரியாமலே.
போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.
ஒரு காற்று வந்து
நாலு இலை விலகினால் போதும்.

நான்கு மீட்டர்.
மூன்று.
ஐந்து.