ஈவுத்தொகை: இல்லை

மணலி விரைவுச்சாலை எடைமேடையில் இரவு ஷிப்ட்.
லாரி ஏறும், எண் நிற்கும், சீட்டு கிழிப்பேன்.
நடுவே செல்போனில் ஆண்டறிக்கை.
பக்கம் நாற்பத்தொன்று. ஈவுத்தொகை: இல்லை.
ஆறாவது வருஷம்.

நானூறு பங்கு. டில்லிபாபு சொல்லி வாங்கியது.
"செம்பு கீதுபா, தொளச்சிக்கினே கீறானுங்க."
துளைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
நூற்றுப் பன்னிரண்டாவது துளை,
முந்நூறு மீட்டர்,
'ஊக்கமளிக்கும் அறிகுறிகள்.'

எங்கள் தெருவிலும் துளைத்தார்கள், தண்ணீருக்கு.
நாற்பதடியில் வந்தது,
எண்ணெய் வாடையோடு.
அதை யாரும் பங்கு கேட்கவில்லை.

வித்தா இன்னா வரும், என்றாள் பிலோமினா.
ஒரு சிலிண்டர்.
மிச்சத்துக்கு வஞ்சிரம்,
அதுவும் வால் துண்டு.
சிரித்தாள். பிறகு,
சிலிண்டர் தீரப்போவுது, என்றாள்.

விற்கவில்லை.
நான் பார்க்காத ஏதோ மலையின் அடியில்
சட்டப்படி ஒரு சிட்டிகை பாறை என்னுடையது.
இத்தனை வருஷம் ஊரான் சரக்கை நிறுத்தவனுக்கு
அதன் எடை மட்டும் தெரியாது.
அந்தத் தெரியாமைக்குத்தான்
காசு கொடுத்தேனோ என்னவோ.

ஹாரன்.
"இன்னாபா, தூங்கிட்டியா?"
கரித்தூள் படிந்த கண்ணாடிக்குப் பின்னால்
சிவப்பு எண்கள் ஏறுகின்றன,
இன்னும் நிற்கவில்லை.