சிமெண்ட் இறுகும் நேரம்

முப்பத்தோராம் மாடியிலிருந்து கடல் தெரியாது.
கண்ணாடிக்கு வெளியே அம்பாங் பக்கத்து மலை,
கீழே ஜாலான் துன் ரசாக்கில் ஊரும் பிரேக் விளக்குகள்.
என் மேசையில் மட்டும்
எழுபது மீட்டர் தண்ணீரில்
பதினோரு பாகை சாய்ந்து நிற்கிறது
ஓர் எண்ணெய் மேடை.

அதைச் சாய்த்த புயலுக்குப் பெயர் கிடையாது.
பெயர் வைக்கிற அளவுக்கு வேகம் வரவில்லையாம்.
அறிக்கையில் எப்படிக் குறிப்பிடுவது என்று
ஒரு முற்பகல் முழுக்கப் பேசினோம்.
‘அந்தச் சம்பவம்’ என்று முடிவாயிற்று.

ஆட்கள் முந்தின நாளே இறங்கிவிட்டார்கள்.
யாருக்கும் ஒரு கீறல் இல்லை.
கஞ்சிக்கு ஊறப்போட்ட பச்சைப்பயறு
பானையோடு கடலுக்குள் போனது.
சமையல்காரர் ஸம்ரி இன்னமும் அதைத்தான் விசாரிக்கிறார்.

எட்டுக் கிணறுகள்.
ஒவ்வொன்றின் தொண்டையிலும், கடலடிக்கும் கீழே,
ஒரு வால்வு.
மேலிருந்து அழுத்தம் பிடித்திருக்கும் வரைதான்
திறந்திருக்கும்.
பிடி விட்டால் சுருள்வில் தானே மூடிவிடும்.
அன்றிரவு மேலே எல்லாம் பிய்த்துக்கொண்டு போக,
கீழே இருட்டில்
ஒருவரும் சொல்லாமல் கதவுகள் சாத்திக்கொண்டன.
ஆறாம் எண்ணும் சாத்தியதுதான்.
இடுக்கில் மணலோ என்னவோ.

முக்குளிப்பவன் ஜூகா அனுப்பிய வீடியோவில்
பச்சைக் கலங்கல், வளைந்த குழாய்,
அதன் ஓரமாகக் குமிழிகள்.
அவசரமே இல்லாமல்,
பல் மருத்துவர் வீட்டு மீன்தொட்டியில் வருகிற மாதிரி.
மூன்று தடவை ஓட்டி எண்ணினேன்.
நிமிடத்துக்கு நாற்பது.

குழாய்க்குள் குழாய், அதற்குள் இன்னொன்று.
வெட்டுமுன் ஒவ்வொன்றிலும்
சுண்டுவிரல் நுழையாத துளை போட்டு
உள்ளே யார் என்று கேட்க வேண்டும்.
முதலாவதில் கடல்நீர்.
இரண்டாவதில் தோண்டிய காலத்துச் சேறு.
மூன்றாவதில் முள் நகர்ந்தது.
“அடா” என்றான் ஜூகா.
மலாயில் ‘இருக்கிறது’.
தமிழில் அது வேறு.
அன்றைக்கு இரண்டும் பொருந்தின.

பதினேழு நாள் கழித்து, இன்று மூன்றேகாலுக்கு,
கடைசிச் சிமெண்ட் உள்ளே போனது.
இனிப் பதினெட்டு மணி நேரம் தொடக்கூடாது.
அதற்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு:
இறுகக் காத்திருத்தல்.
கப்பல் வாடகை அப்போதும் ஓடும்.
நிதிப்பிரிவின் திருமதி இயோ
‘பன்னிரண்டு போதாதா’ என்றார்,
குக்கர் விசிலைக் குறைக்கச் சொல்வது போல.
போதாது என்றேன்.
கையெழுத்து என்னுடையது.

ஏழு மணிக்கு மழை பிடித்தது.
செந்தூல் ரயிலுக்கு மாற இறங்கினால்
மஸ்ஜித் ஜாமெக்கில் எல்லாம் நின்றிருந்தது.
கோம்பாக்கும் கிள்ளானும் கலக்கிற முனையில்
தண்ணீர் தே தாரேக் நிறத்தில் புரண்டது.
செருப்பு ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று.
“கடலுக்குப் போய்ச் சேர்ந்தால் சரி”
என்றார் பக்கத்தில் நின்றவர்.
கடலுக்கு இனி எதுவும் போக வேண்டாம்
என்றிருந்தது எனக்கு.
அது வேறு கடல்தான்.
இருந்தாலும்.

இரவு தூங்கவில்லை.
அடுத்த வீட்டு ஏர்கான் சொட்டுவதை எண்ணினேன்.
நாற்பது இல்லை.
நிம்மதியாகவும் இல்லை.

காலை ஒன்பதேகாலுக்கு அழுத்திப் பார்த்தார்கள்.
அரைமணி.
போனில் இயந்திர இரைச்சல், யாரோ இருமல்,
பிறகு ஜூகா:
“தாக் அடா.”
இல்லை.
இவ்வளவு நல்ல இல்லையை
நான் கேட்டதில்லை.

அழுத்தம் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று தட்டினேன்.
மென்பொருள் ஏற்கவில்லை, எண் வேண்டுமாம்.
சுழியம் போட்டேன்.

இன்னும் ஏழாவதும் எட்டாவதும் பாக்கி.
மேடை சாய்ந்தபடியே நிற்கிறது.
தூக்கும் கப்பல் மார்ச்சில் வரும்.
பானை அகப்பட்டால் சொல்லச் சொல்லி
ஜூகாவிடம் ஒரு வரி எழுதினேன்,
ஸம்ரிக்காக.