தேய்மானம்

ராயக்கோட்டை ரோட்டில்
பூச்சிமருந்துக் கடைக்கு மேல் மாடி.
பதினேழு படி. எண்ணாமல் ஏற முடிவதில்லை.

படத்தை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
முதல் நாள் தபசும் காட்டினாள்:
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
இருக்கவேண்டிய மெத்தை
அப்பளமாகிக் கிடந்தது.
"தேய்மானம்" என்றாள்.
டயருக்கு மட்டும் சொல்லும் சொல் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

இருபத்தாறு வருஷம் கல் லோடு,
பர்கூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகம்.
கறுப்புக் கல் பின்னால் உட்கார்ந்திருக்கும், பேசாது.
ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மட்டும்
என் இடுப்பில் ஒரு வார்த்தை சொல்லும்.

குப்புறப் படுக்கச் சொல்வாள்.
கட்டிலில் மூக்குக்கு ஒரு ஓட்டை.
அதன் வழியே தரை தெரியும்,
அவளுடைய நீலச் செருப்பு தெரியும்,
சில நாள் ஓர் எறும்பு.
மற்றதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடப்பவை.

உள்ளங்கையின் அடியை வைத்து
முள்முள்ளாக இறங்குவாள்.
தொப்பூர்க் கணவாயில்
முப்பது டன்னோடு இரண்டாம் கியரில் இறங்குகிறவனின் நிதானம்.
வலிக்கிற இடத்தை நான் சொல்வதற்குள்
கை நின்றிருக்கும்.
அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு,
துருப்பிடித்த போல்ட்டை
உடையாமல் அசைத்துப் பார்ப்பதுபோல.
பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து
தோளை ஒருபக்கம் இடுப்பை மறுபக்கம் திருப்பி
டக்.

அந்தச் சத்தத்துக்காகத்தான் வந்தேன்.
எலும்பு வீடு திரும்பும் சத்தம் என்று
கிளீனர் பையனிடம்கூடச் சொல்லியிருந்தேன்.
"அது வெறும் காத்துண்ணா,
சோடா மூடி தொறக்கற மாதிரி.
எதுவும் விலகவுமில்ல,
எதையும் நான் எடுத்து வைக்கவுமில்ல.
தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான்.
வலி குறையும். குறையறப்ப நடங்க."
இருநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
இப்படிப் பேசினால் கோபம் வராதா?

நடந்தேன்.
மூன்றாம் வாரம் குனிந்து
நானே செருப்பு வாரை மாட்டினேன்.
நாகவேணி பார்க்காததுபோல் பார்த்தாள்.

ஆனியில் ஒருநாள்,
மாங்கூழ் ஆலைகளின் புளித்த வாசம் மாடிவரை வந்த நாள்,
வழக்கம்போல் சட்டையைக் கழற்றினேன்.
"அண்ணா, குதிகால்ல நில்லுங்க."
நின்றேன். இடது பெருவிரல் எழவில்லை.
பஞ்சால் தொட்டாள். தொட்டதாகச் சொன்னாள்.
"ஒண்ணுக்குப் போறதுல மாற்றம் இருக்கா?"
இல்லை என்றேன், காலண்டரைப் பார்த்து.
காத்திருந்தாள்.
இருக்கிறது என்றேன்.

"இன்னைக்கு நான் கை வைக்க மாட்டேன்."

ஒரே ஒரு டக், என்றேன்,
ஆஸ்பத்திரி வாசலில் கடைசிப் பீடி கேட்பவன்போல.
இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.
உள்ளே போகும்போது பார்த்தேன்,
கட்டைவிரல்கள் இரண்டிலும்
அடிவரை சுற்றிய பழுப்பு பிளாஸ்திரி.
யார் அழுத்திவிடுவார்கள் அவற்றை?

பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள்.
"இன்னைக்கே. நாளைக்கு இல்ல" என்று
அடிக்கோடு போட்டாள், இரண்டு தடவை.
நோயாளிகள் நாலு பேர் காத்திருக்க
என் பெல்ட்டைப் பிடித்தபடி
முன்னால் படி இறங்கினாள்.

ஆட்டோவில் ஏறியபின் நினைவு வந்தது.
ஒருமுறை கணவாய் உச்சியில்
பிரேக் லைனர் கருகும் வாசம்.
இறக்க மாட்டேன் என்று சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
போனில் முதலாளி சொன்ன வசவுகளை
இப்போது வரிசையாகச் சொல்ல முடியும்.
அவற்றில் இரண்டை
மாடியில் நானும் முணுமுணுத்திருந்தேன்.
அவளுக்குக் கேட்டிருக்கும்.

ரவுண்டானாவுக்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர்.
ஆட்டோ அதன்மேல் எறும்பாக ஊர்ந்தது.
சொல்லி அனுப்பியிருக்கிறாள்.
என் இடது கால்
அங்கே இல்லாத கிளட்சைத் தேடியது.
இறங்கும்போது படிகளை எண்ணவில்லை.